ரஜூலாவுக்கு முன் ஒரு வள்ளம்

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்கள் ஐயா பினாங்குக்குக் கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்குப் போனதும் திரும்பியதும் ரஜூலா கப்பலில். அவர் பெட்டகத்தில் அந்தக் கப்பலின் படம் கிடைத்தது. பணி ஓய்வு பெற்றுவிட்டேன். அதை மரத்தில் சின்ன மாதிரியாகச் செய்து வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்) வைக்க ஆசை. வீட்டில் பர்மா தேக்குத் துண்டுகள் கிடக்கின்றன. என்னென்ன கருவி வாங்கலாம், எங்கிருந்து தொடங்கலாம்?

தேவகோட்டை வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

என் அப்பச்சியும் ரஜூலாவில் வந்தவர்தான். கடிதத்தைப் படித்ததும் கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை. கட்டாயம் செய்யுங்கள். ஆனால் முதலில் அதைச் செய்யாதீர்கள்.

ரஜூலா 1926-ல் ஸ்காட்லாந்தில் கட்டிய இரும்புக் கப்பல். 1:200 அளவில், அதாவது இருநூறில் ஒரு பங்காகச் செய்தால், ஆறரையடி உயரக் கதவு ஒரு சென்டிமீட்டராகிவிடும். கைப்பிடிக் கம்பி, ஏணி, உயிர்காப்புப் படகு எல்லாம் அந்தக் கணக்கில் நூற்றுக்கணக்கில் வேண்டும். பழகாத கை அங்கேதான் சோர்ந்து நின்றுவிடும்.

முதலில் ஒரு வள்ளம், அதாவது மர நாட்டுப்படகு செய்து கை பழகுங்கள். அதற்கு ஒரு நாள் தொண்டிக் கடற்கரைக்குப் போய்விட்டு வாருங்கள். கரையேற்றிய நாட்டுப்படகுக்காரரிடம் கேட்டுக்கொண்டு டேப்பைப் போடுங்கள். இரண்டடிக்கு ஓரிடம் அகலமும் ஆழமும் குறித்துக்கொள்ளுங்கள். 32 அடிப் படகு 1:24 அளவில் 16 அங்குலம். ஆழம் நாலடி என்றால் இரண்டு அங்குலம், அதாவது கால் அங்குலப் பலகை எட்டு. ஒவ்வொரு பலகையையும் அந்தந்த உயரத்தில் படகின் வெளிக்கோடு எப்படியோ அப்படி அறுத்து, நடுக்கோடு பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் படிக்கட்டு மாதிரி நிற்கும். அந்தப் படிகளைச் சீவிக் கரைப்பதுதான் வேலை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சீவச் சீவப் பசைக் கோடுகள் மரத்தில் வளைந்து தெரியத் தொடங்கும். அணியத்தில் (படகின் முன்பக்கத்தில்) இடப்புறக் கோடு போகிற போக்கும் வலப்புறக் கோடு போகிற போக்கும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் கோடு தள்ளி நின்றால் அங்கே கூடுதலாகச் சீவிவிட்டீர்கள். உள்ளங்கையால் தடவினாலும் தெரியும். கண்ணைவிடக் கை முந்திச் சொல்லும்.

தேக்கை இதற்கு எடுக்காதீர்கள். அதன் ரேகை பெரியது. ஒரு மில்லி அகல ரேகை 1:24-ல் ஓர் அங்குலப் பிளவாகத்தான் கண்ணுக்குப் படும். என் முதல் வள்ளத்தைத் தேக்கில்தான் செய்தேன். முடிகிற நேரம் உளி நார்வழியே ஓடி, அணியத்து நுனி பெயர்ந்து விழுந்தது. குமிழ் மரப் பலகை வாங்குங்கள், சொன்னபடி சீவ வரும். தேக்குத் துண்டைப் பீடமாக வையுங்கள், ஐயா வீட்டு மரம் கீழே தாங்கி நிற்கட்டும்.

கருவிகள் அதிகம் வேண்டாம். கையடக்க இழைப்புளி, கால் அங்குல உளி, அரைவட்ட அரம், மெல்லிய பிளேடு போட்ட வில் ரம்பம், நாலு கிளாம்ப், ஃபெவிகால், 80, 120, 220 எண் உப்புத்தாள். மறக்காமல் ஒரு சாணைக்கல். மழுங்கிய உளிதான் விரலை வெட்டும். ஃபெவிகுவிக்கை மரத்தில் வழியவிட்டால் வெள்ளையாகப் பூக்கும், வார்னிஷ் அடித்தாலும் திட்டுத் தெரியும். உப்புத்தாள் தேய்க்கும்போது முகத்தில் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

வள்ளம் முடிந்ததும் ஐயாவின் படத்தை எடுத்துக்கொண்டு காரைக்குடிக்கு வாருங்கள். ரஜூலாவின் கைப்பிடிக் கம்பி ஐந்து மில்லி உயரம் வரும், அதைச் செம்புக் கம்பியில் எப்படிப் பற்றவைப்பது என்று உட்கார்ந்து செய்து பார்ப்போம்.