அக்சியோவுக்கு 17 அங்குல ரிம்: மஸ்கெலியா ரோட்டுக்குச் சரிவருமா?

வணக்கம். டொயோட்டா அக்சியோ காரில் உள்ள 185/60 ஆர்15 டயரைக் கழற்றிவிட்டு 205/45 ஆர்17 அலோய் வீல் போடலாமா, வீட்டாரோடு மஸ்கெலியா தோட்ட ரோட்டிலும் ஓடவேண்டும் என்று கேட்டிருந்தீர்கள்.

உங்கள் ரோட்டுக்கு வேண்டாம் என்பேன். டயர் அளவில் முதல் எண் அகலம் (மி.மீ.), அடுத்தது அதில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது, கடைசி எண் ரிம்மின் அங்குலம். அப்படிப் பார்த்தால் இப்போதைய டயரின் பக்கச்சுவர் 111 மி.மீ., நீங்கள் கேட்பதில் 92தான். கல்லிலும் குழியிலும் அடியைத் தாங்குவது அந்த ரப்பர். அது குறைந்தால் ரிம் நெளியும், டயர் பக்கவாட்டில் வீங்கும். டயரின் முழு விட்டமும் 2 சதவீதம் அளவு கூடுவதால், மீட்டர் அதே வேகத்தைக் காட்டும்போதும் முன்பைவிடச் சற்று வேகமாகப் போவீர்கள். 195/50 ஆர்16 போட்டால் விட்டம் பழைய அளவுக்குக் கிட்ட வரும், ஆனால் பக்கச்சுவர் 97.5 மி.மீ.தான். 15 அங்குலத்திலேயே நல்ல அலோய் வாங்கிப் பழைய அளவு டயரையே போடுங்கள், அதுவும் அழகாகத்தான் இருக்கும்.

ரிம் நான்கு நட், 100 மி.மீ. பிசிடி (நட் துளைகள் அமையும் வட்டத்தின் விட்டம்). ஹப்பில் உட்காரும் ரிம்மின் நடுத்துளை 54.1 மி.மீ. கடையில் வாங்கும் வேறு கம்பெனி ரிம்களில் இந்தத் துளை பெரும்பாலும் பெரிதாக இருக்கும். அந்த இடைவெளியை நிரப்பும் வளையம் போடாவிட்டால் ஸ்டியரிங் நடுங்கலாம். அலுமினிய வளையமே கேளுங்கள், ரம்பொடை இறக்கத்தில் பிரேக் சூட்டுக்குப் பிளாஸ்டிக் இளகலாம். நட்டின் அடிவடிவம் புது ரிம்முக்குப் பொருந்தவேண்டும். 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்குங்கள். ரிம் வெளியே தள்ளி நின்றால், ஐந்து பேர் ஏறி வளைவில் திரும்பும்போது மட்கார்டில் உரசும். காசு கொடுக்குமுன் ஆட்களை ஏற்றிப் பாருங்கள்.

பாவித்த டயர் என்றால் பக்கச்சுவரில் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும் நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 3518 என்றால் 2018இன் 35ஆவது வாரம். பூ (தரையில் படும் பள்ளவரிகள்) எவ்வளவு இருந்தாலும் அவ்வளவு பழையதை நுவரெலியா மழைக்கு வாங்கவேண்டாம், ரப்பர் இறுகியிருக்கும்.