பெர்லினில் ஐந்து நாள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

செப்டம்பரில் ஐந்து நாள் பெர்லின் போகிறேன், புதன் முதல் ஞாயிறு வரை. கல்லூரி நண்பன் ஆறு வருடமாக அங்கே வேலையில் இருக்கிறான், அவன் வீட்டில்தான் தங்கல். வார நாட்களில் மாலை ஆறுக்கு மேல்தான் ஓய்வு என்றாலும், எனக்காக விடுப்பு எடுக்கிறேன் என்கிறான். எடுக்கச் சொல்லலாமா? பார்க்க வேண்டிய இடங்கள் என்று இருபத்திரண்டு எழுதி வைத்திருக்கிறேன். ஜெர்மன் ஒரு சொல்லும் தெரியாது.

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

விடுப்பு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிராண்டன்பர்க் வாயிலை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள், அதற்கு ஆள் துணை எதற்கு? ஊர்க்காரர் இல்லாமல் பார்க்க முடியாதவை சில உண்டு. அவருடைய மாலைகளையும் வார இறுதியையும் அவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீட்டு விஷயம். பெர்லின் முகவரியில் ஃபிளாட் எண் இருக்காது. வாசலில் அழைப்பு மணிகளின் வரிசையில் குடும்பப் பெயர்கள் மட்டும் இருக்கும். மணியில் எந்தப் பெயர், முன்கட்டா பின்கட்டா, எத்தனையாவது மாடி என்று மூன்றையும் முன்பே கேட்டு வாங்குங்கள். பழைய தெருக்களில் கதவு எண்கள் ஒரு பக்கமாகவே ஏறிக்கொண்டு போய், கோடியில் திரும்பி எதிர்ப்பக்கமாக இறங்கி வரும். 12-க்கு எதிரே 140 இருந்தால் குழம்ப வேண்டாம், தெருமுனைப் பெயர்ப்பலகையில் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று போட்டிருக்கும். இன்னொன்று, வீட்டுக் கதவுக்கு வெளிப்புறம் பெரும்பாலும் திருகாத குமிழ்தான். குப்பை போட இரண்டு நிமிடம் வெளியே வந்து கதவு சாத்திக்கொண்டால், சாவி உள்ளே, நீங்கள் வெளியே. பூட்டுத் திறக்க வருகிறவர் கேட்கும் தொகை உங்கள் சாப்பாட்டுச் செலவை விழுங்கிவிடும். சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாலும் தப்பில்லை.

டிக்கெட். ரயில் நிலையங்களில் தடுப்புக் கதவே கிடையாது, யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். இந்தச் சுதந்திரத்தில்தான் வெளியூர்க்காரர்கள் மாட்டுவது. இயந்திரத்தில் வாங்கும் காகித டிக்கெட்டை நடைமேடையில் நிற்கும் சிறு பெட்டிக்குள் விட்டு முத்திரை குத்த வேண்டும். பஸ்ஸிலும் ட்ராமிலும் பெட்டி வண்டிக்குள்ளேயே இருக்கும். முத்திரை இல்லாத டிக்கெட் டிக்கெட்டே அல்ல. பரிசோதகர்கள் பலர் சாதாரண உடையில் வருவார்கள். அபராதம் 60 யூரோ, தெரியாது என்பது அங்கே செல்லாது. ஒற்றைப் பயண டிக்கெட் இரண்டு மணி நேரம் செல்லும், ஆனால் ஒரே திசையில்தான். அதை வைத்துத் திரும்பி வர முடியாது. யூ-பான் (மெட்ரோ), எஸ்-பான் (புறநகர் ரயில்) இரண்டிலும் மூன்று நிறுத்தம், பஸ், ட்ராமில் ஆறு நிறுத்தம் வரை குறுந்தூர டிக்கெட் போதும்.

எதை வாங்குவது என்பது நண்பரின் பாஸைப் பொறுத்தது. அவரிடம் இருப்பது நாடு முழுக்க உள்ளூர் வண்டிகளில் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட் என்றால் அது அவருக்கு மட்டும். நீங்கள் ஏழு நாள் டிக்கெட் வாங்குங்கள், ஐந்து நாளுக்கே அது கட்டுப்படியாகும். பெர்லின் மாத பாஸான உம்வெல்ட்கார்ட்டே என்றால் வார நாளில் இரவு 8 மணிக்கு மேலும், சனி ஞாயிறு முழுதும் இன்னொருவரைக் கூட அழைத்துப் போகலாம். அப்போது புதன் காலை முதல் மூன்று 24 மணி நேர டிக்கெட் எடுத்தால் சனி காலை வந்துவிடும், அதற்குமேல் அவர் பாடு.

உங்கள் இருபத்திரண்டைப் பத்தாகக் குறையுங்கள். பெர்லினின் பரப்பு 892 சதுர கிலோமீட்டர், பாரிஸைப்போல் எட்டு மடங்குக்கு மேல். பெர்லின் சுவரால் ஊர் கிழக்கு, மேற்கு என்று பிரிந்து கிடந்ததால் மேற்கே உயிரியல் பூங்கா அருகில் ஒரு நடு, கிழக்கே அலெக்சாண்டர்பிளாட்ஸில் ஒரு நடு. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளாவிட்டால் பாதிப் பொழுது ரயிலில் போய்விடும். பெர்கமான் அருங்காட்சியகம் பட்டியலில் இருந்தால் அடித்துவிடுங்கள், 2023 அக்டோபரிலிருந்து முழுக்க மூடிக் கிடக்கிறது. பக்கத்து நோயெஸ் அருங்காட்சியகத்தில் எகிப்து அரசி நெஃபர்டிட்டியின் சிலை இருக்கிறது, ஆனால் அந்த அறையில் படம் எடுக்க விடமாட்டார்கள். பழைய எல்லைச் சாவடியான செக்பாயிண்ட் சார்லி? நடுத்தெருவில் நகல் கொட்டகை ஒன்று, சுற்றிலும் கடைகள். அந்த ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடியுங்கள்.

நாடாளுமன்றக் கட்டிடமான ரெய்க்ஸ்டாக்கின் குவிமாடத்துக்கு ஏற இலவசம்தான், ஆனால் நாடாளுமன்ற இணையதளத்தில் பெயரும் பிறந்த தேதியும் தந்து முன்கூட்டியே பதிய வேண்டும். வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள். பெயர்க் கட்டங்களில் பாஸ்போர்ட்டில் உள்ளது உள்ளபடி போடுங்கள், இந்தக் கடிதத்தில் போல ‘எஸ்.’ என்று முடித்துவிடாதீர்கள்.

ஒரு காலை முழுவதையும் பெர்னாவர் தெருவுக்குக் கொடுங்கள். நோர்ட்பான்ஹோஃப் எஸ்-பான் நிலையத்தில் இறங்கினால் அங்கேயே தொடங்கிவிடும். ஊர் பிரிந்திருந்தபோது மேற்கு ரயில்கள் நிற்காமல் கடந்துபோன பேய் நிலையங்களில் அதுவும் ஒன்று. மேலே வந்தால் தெரு நெடுக 1.4 கிலோமீட்டருக்குப் பெர்லின் சுவரின் திறந்தவெளி நினைவிடம். இந்தத் தெருவில் எல்லைக்கோடு வீட்டுச் சுவரை ஒட்டிப் போனது: வீடு கிழக்கு, வாசல் நடைபாதை மேற்கு. 1961 ஆகஸ்டில் கிழக்கு ஜெர்மனிக்காரர்கள் வாசல்களை அடைத்தார்கள், பிறகு சன்னல்களைச் செங்கல் வைத்துக் கட்டினார்கள். அதற்குள் மாடியிலிருந்து குதித்தவர்கள் பலர். இடா ஸீக்மான் என்ற பெண்மணி ஆகஸ்ட் 22 அன்று குதித்து உயிரிழந்தார். ஆவண மையத்தின் பார்வைக் கோபுரத்தில் ஏறினால், இரண்டு சுவர்களுக்கு நடுவே வெறும் மண்ணாகக் கிடந்த பட்டை எத்தனை அகலம் என்பது கண்ணுக்குப் பிடிபடும். கோபுரம் திங்களன்று திறக்காது, உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

மாலையில் நண்பரிடம் அவர் தெருவைக் காட்டச் சொல்லுங்கள். நடைபாதைக் கற்களுக்கு நடுவே உள்ளங்கை அளவுப் பித்தளைத் தகடு ஒன்றாவது தென்படலாம். நாஜிகள் கொண்டுபோனவர் கடைசியாக விரும்பி வாழ்ந்த வீட்டின் முன் பதிக்கும் நினைவுக் கல் இது, கலைஞர் குன்ட்டர் டெம்னிக் தொடங்கிவைத்தது. ‘இங்கே வசித்தார்’ என்று ஆரம்பித்து பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுபோன தேதி, இடம், முடிவு. குனிந்துதான் படிக்க வேண்டும், படித்துச் சொல்ல ஜெர்மன் தெரிந்தவர் வேண்டும்.

ஞாயிறன்று கடைகள் சட்டப்படி மூடல். பெரிய ரயில் நிலையங்களுக்குள்ளும் தெருமுனை ‘ஷ்பேட்டி’ கடைகளிலும் ஏதோ கிடைக்கும். நண்பருக்குச் சாம்பார் வைத்துத் தருவதாக எண்ணம் இருந்தால் காய்கறியைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். பகலில் டெம்பெல்ஹோஃப் போங்கள், 2008-இல் மூடி 2010-இல் பூங்காவாகத் திறந்துவிட்ட விமான நிலையம். ஓடுபாதையில் சைக்கிள் ஓட்டலாம். வீடு கட்டலாமா என்று 2014-இல் ஊரைக் கேட்டார்கள், ஊர் மறுத்துவிட்டது. குடித்த பாட்டிலைக் குப்பையில் போடாதீர்கள். பிளாஸ்டிக்குக்கும் டின்னுக்கும் 25 செண்ட் முன்பணம் கட்டியிருக்கிறீர்கள், திருப்பித்தர மனமில்லையென்றால் தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் வைத்துவிடுங்கள், பொறுக்குகிறவர் எடுத்துக்கொள்வார்.

டிக்கெட் கணக்கில் ஏ, பி, சி என்று மூன்று மண்டலம், விமான நிலையம் சி-யில் இருக்கிறது. ஏபி டிக்கெட்டோ பாஸோ கையில் இருந்தால், கிளம்பும் அன்று சி-க்கு நீட்டிப்பு டிக்கெட் தனியாக எடுத்து, அதற்கும் முத்திரை குத்திக்கொள்ளுங்கள்.