மூன்று மணிக்குள் போய்ச் சேருங்கள்

வணக்கம் ஐயா,

ஜப்பானில் மலைக்குள் இருக்கும் வெந்நீர் ஊற்று விடுதி ஒன்றில் தங்கியதைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நான் டோக்கியோவில், நிஷிகசாயில் இருக்கிறேன். மென்பொருள் வேலை. வந்து நான்கு வருடமாகியும் அப்படி ஒரு விடுதிக்குப் போனதில்லை. நவம்பரில் அப்பா அம்மா கும்பகோணத்திலிருந்து வருகிறார்கள். அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 66. பத்து நாளில் கியோட்டோ, ஹிரோஷிமா, ஃபுஜி எல்லாம் போட்டு வைத்திருக்கிறேன். நடுவில் ஒரு ராத்திரி இந்த விடுதி. ஆளுக்கு 30,000 யென் என்றதும், "வெந்நீரில் குளிக்கவா இவ்வளவு?" என்று அப்பா போனிலேயே கேட்டுவிட்டார். அம்மா சைவம். பலர் முன்னால் துணியில்லாமல் குளிக்கவேண்டும் என்று கேள்விப்பட்டதிலிருந்து "நான் ரூமிலேயே இருந்துக்கறேன்" என்கிறார். அப்பாவின் முன்கையில் பச்சை குத்திய வேல் வேறு இருக்கிறது. அன்றைக்கு நாங்கள் போய்ச்சேர இரவு எட்டரை ஆகிவிடும். போகலாமா?

ஒரு வாசகர், டோக்கியோ

அன்புள்ள நண்பருக்கு,

எட்டரைக்குத்தான் போய்ச்சேர முடியும் என்றால் போகாதீர்கள். நீங்கள் கேட்ட மற்ற எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது, இதற்கு மட்டும் இல்லை.

ரியோகான் என்கிற இந்த மாதிரி மரபு விடுதிகளில் பெரும்பாலும் பிற்பகல் மூன்று மணிக்கு அறை கொடுப்பார்கள், மறுநாள் பத்து மணிக்குக் கிளம்பச் சொல்வார்கள். அந்தப் பத்தொன்பது மணிநேரத்துக்கும் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கும் சேர்த்துத்தான் அந்தக் காசு. வந்ததும் ஒரு குளியல், சாப்பிடுவதற்கு முன்போ பின்போ ஒன்று, விடியற்காலையில் ஒன்று. இடைப்பட்ட நேரத்தில் செய்ய எதுவும் இல்லை. அந்த எதுவுமில்லாத நேரத்தைத்தான் விற்கிறார்கள். எட்டரைக்குப் போகிறவருக்குப் படுக்கை மட்டும் மிஞ்சும். சாப்பாடு ஆறு, ஆறரைக்குத் தொடங்கிவிடும், சமையலறை யாருக்காகவும் காத்திருக்காது.

நான் தங்கியது குன்மா மாகாணத்தில் ஹோஷி ஒன்சென். ஒன்சென் என்றால் வெந்நீர் ஊற்று. டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஜோமோ கோகென் வரை போய், அங்கிருந்து பஸ், சாருகாக்யோவில் இறங்கி இன்னொரு பஸ். கடைசி பஸ்ஸில் நானும் ஒரு பாட்டியும்தான். காட்டுக்குள் ஓடையை ஒட்டி ஒரே ஒரு விடுதி, சோஜுகான் என்று பெயர். 1875-இல் தொடங்கியது. குளியல் கூடம் 1895-இல் கட்டியது. மேலைநாட்டுப் பாணிமேல் மோகம் இருந்த மெய்ஜி காலம், அதனால் மலைநடுவே ஒரு மரக்கூடத்துக்கு வளைந்த ஜன்னல்கள் வைத்திருக்கிறார்கள். பொருந்தாது என்றுதான் நினைப்போம். சாயங்கால வெளிச்சம் அந்த வளைவு வழியாகத் தண்ணீரில் விழுவதைப் பார்த்தபிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தத் தொட்டிகளின் தரை முழுக்கக் கூழாங்கல். வெந்நீர் அந்தக் கற்களுக்கு அடியிலிருந்தே வருகிறது. கிணற்றில் ஊற்றுக்கண் என்போமே, அதன்மேல் நேராகக் கூடத்தைக் கட்டிவிட்டார்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் ஒரு குமிழ் கிளம்பி முதுகை உரசிக்கொண்டு மேலே போகும். அடுத்தது எங்கிருந்து வரும் என்று காத்திருப்பதிலேயே அரைமணி போய்விடும். தொட்டிக்குக் குறுக்கே உருண்டைக் கட்டைகள் கிடக்கின்றன, தலையை வைத்துக்கொள்ள.

அப்பாவின் கேள்வி நியாயமானது. 1948-இல் வந்த ஜப்பானியச் சட்டப்படி பூமிக்குள்ளிருந்து 25 பாகைக்குக் குறையாத சூட்டில் தண்ணீர் வந்தாலே அது ஒன்சென்தான். குறிப்பிட்ட தாதுக்களில் ஏதாவது ஒன்று போதிய அளவு இருந்தால் அந்தச் சூடுகூட வேண்டாம். அந்தக் கணக்கில் நம்மூர் போர்வெல் தண்ணீரில் பாதி ஒன்சென் ஆகிவிடும், அப்பாவிடம் சொல்லுங்கள். ஆகவே 'ஒன்சென்' என்ற பலகையை மட்டும் பார்த்துப் பதிவு செய்யாதீர்கள். 'கென்சென் காகேநாகாஷி' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஊற்றுநீர் தொட்டிக்கு வந்து, வழிந்து, அப்படியே வெளியே போய்விடும் என்று அர்த்தம். பெரிய விடுதிகள் பலவற்றில் அதே நீரை வடிகட்டி, குளோரின் போட்டுத் திரும்பத்திரும்ப விடுவார்கள். 2004-இல் பால்நிற நீருக்குப் பேர்போன ஒரு மலையூரில் குளியல்பொடி கலந்துதான் வெள்ளையாக்கினார்கள் என்று வெளியே தெரிந்து நாடே சிரித்தது.

கூச்சம் பற்றி. எனக்கும் இருந்தது. நம் குளியல் முடிகிற இடத்தில்தான் அவர்களுடைய குளியல் தொடங்குகிறது. முதலில் சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாக அலசிக்கொள்ளவேண்டும். தொட்டிக்குள் இறங்குவது அழுக்குப் போக்க அல்ல, ஊற. நான் சோப்பு நுரையோடு இருந்தபோது பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. அவருடைய கவனமெல்லாம் தன் கால் விரலிடுக்கில் இருந்தது. என் கூச்சம் அங்கேயே பாதி போய்விட்டது. கையிலிருக்கும் சின்னத் துண்டைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது. மடித்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள்.

அம்மாவைக் கட்டாயப்படுத்தாதீர்கள். ஹோஷியின் அந்தப் பழைய கூடம் ஆண் பெண் சேர்ந்து குளிப்பது, இரவில் கொஞ்ச நேரம் மட்டும் பெண்களுக்கு. இதை அம்மாவிடம் சொன்னால் அவர் ஜப்பானுக்கே வரமாட்டார். பெரும்பாலான ஊர்களில் ஆண், பெண் தனித்தனிதான். பல விடுதிகளில் 'காஸொகு புரோ' என்று குடும்பத்துக்கான சின்னத் தொட்டி உண்டு, உள்ளே தாழ் போட்டுக்கொள்ளலாம். அது உள்ள விடுதியாகப் பாருங்கள். அப்பாவின் வேலுக்கும் அதுதான் தீர்வு. பச்சை குத்தியவர் என்றால் யாகுசா, அதாவது ரவுடிக் கும்பல் ஆள், என்ற பழைய பயம் இன்னும் போகவில்லை. 2013-இல் ஹொக்கைடோவில், முகத்தில் மரபுப் பச்சை குத்தியிருந்த நியூசிலாந்தின் பூர்வகுடியான மவோரிப் பெண் ஒருவரையே ஒரு குளியல் இடத்தில் திருப்பி அனுப்பினார்கள், அது செய்தியானது. இப்போது நிலைமை கொஞ்சம் தேவலை. முன்கையளவு என்றால் தோல்நிறப் பட்டை ஒட்டிக்கொண்டால் போதும் என்கிற இடங்கள் உண்டு. போன் செய்து கேளுங்கள், உங்களுக்குத்தான் ஜப்பானியம் வருமே.

சாப்பாடுதான் உண்மையான சிக்கல். ஆற்றுமீனை உப்புத் தடவிக் கரியில் சுட்டு முழுதாக வைப்பார்கள், அது கண்ணுக்குத் தெரியும். தெரியாதது 'தாஷி'. சாறு, வேகவைத்த காய், முட்டை, எல்லாவற்றிலும் அது இருக்கும். கட்சுவோபுஷி என்னும் சூரைக் கருவாட்டைச் சீவி இறக்கிய சாறு. தூத்துக்குடியிலும் இலங்கையிலும் மாசி என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். அதனால் "இறைச்சி, மீன் சாப்பிடமாட்டார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். தாஷியும் கூடாது, 'கொம்பு' என்னும் கடற்பாசியிலோ காளானிலோ சாறு எடுக்கமுடியுமா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். முடியாது என்றால் நேராகவே சொல்லிவிடுவார்கள். போய் இறங்கியபிறகு சொன்னால், பரிமாறுகிற பெண்மணி முகத்தில் வருகிற வேதனையை உங்களால் தாங்கமுடியாது.

இன்னும் ஒன்று. அறையில் யுகாதா என்னும் மெல்லிய பருத்தி அங்கி வைத்திருப்பார்கள். இடப்பக்கம் மேலே வரும்படி கட்டவேண்டும். நான் மாற்றிக் கட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் கம்பீரமாக நடந்தேன். பணிப்பெண் ஒருவர் ஓடிவந்து, மன்னிப்புக் கேட்டபடியே பிரித்து மாற்றிக் கட்டிவிட்டார். வலப்பக்கம் மேலே வந்தால் பிணத்துக்கு உடுத்தும் முறையாம்.

அப்பாவுக்கு இரத்த அழுத்தம் இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நவம்பர் மலைக்குளிரில் சட்டென்று இறங்கக் கூடாது. காலிலிருந்து மேலே மொண்டு ஊற்றிப் பழக்கிக்கொண்டு, ஐந்து நிமிடம், பத்து நிமிடம், போதும்.

முன்பெல்லாம் வடக்குப் பக்கத்து விவசாயிகள் அறுப்பு முடிந்ததும் அரிசியும் மீசோ என்னும் சோயா விழுதும் மூட்டைகட்டிக்கொண்டு வந்து, தாங்களே பொங்கித் தின்றபடி வாரக்கணக்கில் ஊறிக்கிடப்பார்கள். அதற்கு 'தோஜி' என்று பெயர். நாம் ஒரு ராத்திரிக்கு வந்துவிட்டுக் கணக்குப் பார்க்கிறோம். என்னைக் கேட்டால் ஹிரோஷிமாவை வெட்டிவிட்டு இங்கே இரண்டு ராத்திரி போடுங்கள். அப்பா திட்டினால் என் பெயரைச் சொல்லுங்கள்.

1981-இல் ஜப்பான் தேசிய ரயில்வே 'ஃபுல் மூன்' என்று ஒரு பயணச்சீட்டு விட்டது, கணவன் மனைவி இருவர் வயதையும் கூட்டினால் 88 வரவேண்டும் என்பது நிபந்தனை. அதன் விளம்பரப் படம் எடுத்தது ஹோஷியின் அந்தக் கூடத்தில்தான். உங்கள் வீட்டில் 137 வருகிறது.

அம்மாவின் பையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் கொஞ்சம் ஊறுகாயும் போட்டுவிடுங்கள். இந்த மாதிரி இடத்தில் ராத்திரி பசித்தால் பக்கத்தில் கடை கிடையாது.