காலேஜ் ஐடி கார்டு போதாதா?

கேள்வி: ஐயா, எனக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். கோவையில் விடுதியில் தங்கி பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பதினெட்டு வயது முடிந்துவிட்டது, இன்னும் வாக்காளர் அட்டை வாங்கவில்லை. போன தேர்தலில் எங்கள் சீனியர் அக்கா ஊருக்குப் போய் காலேஜ் ஐடி கார்டைக் காட்டியதற்கு, ஓட்டுப் போட விடவில்லையாம். நான் ஊரில் பெயர் கொடுப்பதா, கோவையில் கொடுப்பதா? இரண்டு இடத்திலும் கொடுத்து வைத்தால் என்ன?
– ஒரு மாணவி, கோவை

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். கூடவே கூடாது அம்மா. புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6-இல், வேறு எந்தத் தொகுதியிலும் என் பெயர் இல்லை என்று நாம் உறுதிமொழி கொடுத்துத்தான் கையெழுத்துப் போடுகிறோம். அதில் தெரிந்தே பொய் சொன்னால், 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஓராண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம்.

ஊரா, கோவையா என்பது உங்கள் விருப்பம். 'நிரந்தர முகவரி ஊரில்தானே, அங்கேயே போடு' என்று விடுதியில் சொல்வார்கள். அப்படி விதி இல்லை. ஓராண்டுக்குக் குறையாத, அங்கீகாரம் பெற்ற படிப்பாக இருந்தால் விடுதி முகவரியிலேயே சேரலாம். கல்லூரி முதல்வரிடம், அங்கே படிக்கிறீர்கள் என்பதற்கான போனஃபைடு சான்றிதழ் வாங்கி இணைக்க வேண்டும். மாணவர்களுக்குத் தபால் ஓட்டு கிடையாது. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 அன்று வாக்குப்பதிவு. செமஸ்டர் தேர்வு நெருங்கும் அந்த நேரத்தில் ராத்திரி பஸ் பிடித்து ஊருக்குப் போய்வர முடியுமா என்று யோசியுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். உள்ளாட்சித் தேர்தலுக்கும் சட்டமன்ற வாக்காளர் பட்டியல்தான் அடிப்படை. கோவைக்கு மாறினால் உங்கள் ஊராட்சித் தலைவருக்குப் போடும் ஓட்டும் போய்விடும். தெருக்குழாயில் தண்ணீர் வருவதும் வராததும் அந்த ஓட்டில் இருக்கிறது. என்னைக் கேட்டால், ஊருக்குப் போய்வர வழி இருப்பவர்கள் ஊரிலேயே வைத்துக்கொள்ளலாம். படிப்பு முடிந்து மாறுவதென்றால் அதற்குப் படிவம் 8 இருக்கிறது. மறுபடி படிவம் 6 போடக் கூடாது.

இப்போது உங்கள் சீனியர் விஷயம். பள்ளி ஆசிரியனாக இருந்தபோது நான் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகவும் வேலை பார்த்திருக்கிறேன். மாலை ஆறு மணி நெருங்கும்போது ஒரு பையன் கழுத்தில் கல்லூரி அட்டையோடு வந்தான். பட்டியலில் பெயர் இருக்கிறது, படம் அவன் முகம்தான், பூத் ஏஜென்ட் ஒருவரும் மறுக்கவில்லை. ஆனால் தேர்தல் ஆணையம் ஏற்கும் ஆவணங்களில் கல்லூரி அட்டை இல்லை. ரேஷன் கார்டும் இல்லை. 2019 முதல் பூத் ஸ்லிப் மட்டும் இருந்தாலும் போதாது. அவனுடைய அப்பா வீட்டுக்கு ஓடிப்போய், புகைப்படம் ஒட்டி முத்திரை வைத்த பேங்க் பாஸ்புக்கைக் கொண்டுவந்தார். அது செல்லும். ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் இவையும் செல்லும்.

அரசு ஊழியரின் புகைப்பட அட்டை செல்கிறது, அரசுக் கல்லூரி மாணவனின் அட்டை செல்லாது என்பது எனக்கு இன்றுவரை ஏற்க முடியாத விஷயம். ஆணையம் இதை மாற்றியே ஆக வேண்டும். அதுவரை ஆதாரைக் கையோடு கொண்டுபோங்கள். செல்போனில் இருக்கிறதே என்று நம்பாதீர்கள், சாவடிக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது.

எந்த அட்டை இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஓட்டு இல்லை. வேறு தொகுதியில் வாங்கிய வாக்காளர் அட்டையாக இருந்தாலும், அந்தச் சாவடிப் பட்டியலில் பெயர் இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். ஆகவே பெயர் ஏறிவிட்டதா என்று 1950 என்ற தேர்தல் உதவித் தொலைபேசி எண்ணில் கேட்டுப் பாருங்கள். தேர்தல் தேதி அறிவிக்கட்டும் என்று காத்திருக்காமல் இந்த மாதமே விண்ணப்பியுங்கள். அறை தோழிகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், முதல்வர் எல்லோருக்கும் சேர்த்தே போனஃபைடு கொடுத்துவிடுவார்.