பன்னீர் திராட்சைக் கலப்புக் கன்றில் அடிச்சாம்பல் திரும்ப வந்தால்

வணக்கம். பன்னீர் திராட்சையில், அடிச்சாம்பல் நோயை எதிர்க்கும் ஆர்பிவி3 மரபணு உள்ள ரகத்தைச் சேர்த்து சின்னமனூரில் நீங்கள் வளர்த்த கன்றுகளில், இரண்டு வருடம் கழித்து இந்த ஐப்பசி மழையில் அடிச்சாம்பல் (இலையின் அடிப்பக்கம் வெண்பூஞ்சணம் படரும் நோய்) விழுந்திருக்கிறது. கலப்பில் தப்பில்லை. ஒரே மரபணுவை நம்பினால் பூஞ்சை அதைத் தாண்டிவிடும்; ஐரோப்பாவில் பியான்கா ரகத்தில் இதே ஆர்பிவி3-இன் எதிர்ப்பு உடைந்தது 2010-இல் பதிவானது.

கன்றுகளைப் பிடுங்காதீர்கள். நன்றாக நிற்பவற்றை, ஆர்பிவி1 என்ற வேறொரு எதிர்ப்பு மரபணு உள்ள ரகத்தோடு சேருங்கள். பிரான்சின் ஆர்டபான் ரகத்தில் இரண்டும் உண்டு.

புதுக் கன்றுகளுக்கு இலைவட்டுச் சோதனை போதும். நுனியிலிருந்து 4-வது இலையில் 15 மி.மீ. வட்டு வெட்டி, அடிப்பக்கம் மேலே தெரிய ஈர டிஷ்யூவில் வையுங்கள். இப்போது நோய் பிடித்த கன்றின் வெண்பூஞ்சணத்தையே சுத்தமான தண்ணீரில் கழுவி உடனே தெளியுங்கள். ஆர்பிவி3-ஐ வென்ற பூஞ்சை அதுதான். இரவு முழுக்க இருட்டில் மூடி, காலையில் ஈரத்தை ஒற்றி எடுங்கள். ஏசி அறையில் 20–22 டிகிரி வேண்டும். நம்மூர் வெயிலில் 30-ஐத் தாண்டினால் பூஞ்சை பிடிக்காது, எதிர்ப்பில்லாத கன்றும் சோதனையில் தேறிவிடும். அதனால் பன்னீர் இலை வட்டு ஒன்றும் கூடவே இருக்கட்டும். அதில் வெண்மை வராவிட்டால் சோதனையே செல்லாது.

6-ஆம் நாள் ஊசி குத்தினாற்போல் பழுப்புப் புள்ளி மட்டும் இருந்தால் அந்தக் கன்றை வையுங்கள். ஆர்பிவி3-ஐ வென்ற பூஞ்சையால் சோதிப்பதால், ஆர்பிவி3-உம் கூட இருக்கிறதா என்பது டிஎன்ஏ சோதனையில்தான் தெரியும்.