மனச்சோர்வை எந்த வயதில் எப்படித் தடுப்பது?

பதின்வயது முதல் முதுமை வரை மனச்சோர்வு வராமல் காத்துக்கொள்ள என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முற்றிலும் தடுக்க முடியாது. பரம்பரைக்கும் அதில் பங்குண்டு. ஆபத்தைக் குறைக்கலாம்.

பதின்வயதினருக்குத் தூக்கம் 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். கைபேசி அதைத்தான் முதலில் தின்கிறது. இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக இல்லாமல் எரிச்சலாகவும் வெளிப்படும். அதைத் திமிர் என்று திட்டினால் பிள்ளை இன்னும் உள்ளே ஒடுங்கிவிடும்.

பிரசவத்துக்குப் பின் சில நாட்கள் காரணமின்றி அழுகை வருவது இயல்பு. இரண்டு வாரங்களைத் தாண்டினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தாய் விழிக்காமல் சில மணி நேரம் தூங்க வழிசெய்யுங்கள், அறிவுரையெல்லாம் பிறகு.

நடுவயதில் வாரம் 150 நிமிட நடை, மதுவைத் தவிர்த்தல். கேட்டுச் சலித்தவைதான், ஆனால் பலன் தருபவை.

முதுமையில் பலரும் கவனிக்காதது காது. பேச்சு சரியாகக் கேட்காதவர் சும்மா தலையாட்டுகிறார், பிறகு கூட்டத்துக்கே வருவதில்லை. தனிமை அப்படித்தான் தொடங்குகிறது. செவிப்புலன் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். தைராய்டு சுரப்புக் குறைவும் மனச்சோர்வு போலவே தோன்றலாம் என்பதால் ரத்தப் பரிசோதனையும் நல்லது.

தற்கொலை எண்ணம் வந்தால் மட்டும் எந்த வயதிலும் நாள் கணக்குப் பார்க்காமல் அன்றே மருத்துவ உதவி பெற வேண்டும்.