குதிரையில் பங்கு – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ராமநாதபுரம் கடற்கரையில் உச்சிப்புளிப் பக்கம். பெரியபட்டினத்தில் ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்) வைத்திருக்கும் பெண்குதிரையில் ஒரு வருஷமாகப் பங்கு சேர்ந்திருக்கிறேன். தீனிச் செலவில் பாதி தருகிறேன், வாரத்தில் மூன்று நாள் காலையில் ஏறிக்கொள்கிறேன். குதிரைக்கு என்னைப் பிடிக்கவில்லை. சேணத்தை எடுத்தாலே காதை மடக்குகிறது. வயிற்று வாரை இறுக்கினால் திரும்பிக் கடிக்க வருகிறது. கடற்கரையில் கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிடுகிறது. காக்கா ஏறினாலும் இதேதான். "சவுக்கால ரெண்டு வைங்க தம்பி" என்கிறார். உடம்பில் மயிர்ச்சுழி சரியில்லை என்கிறார் என் மாமா. பங்கை விட்டுவிடலாமா? விட்டால் விற்றுவிடுவாரோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. கொடுத்த பணமும் திரும்பாது.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

நம் கரையின் பழைய குதிரை வியாபாரத்தைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

சுழியை விடுங்கள், அதில் பேச ஒன்றுமில்லை. கொடுத்த பணம் நீங்கள் ஏறிய நாட்களுக்குச் சரியாகப் போயிற்று, அதையும் விடுங்கள். "என்னைப் பிடிக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் விட முடியவில்லை. காக்கா ஏறினாலும் இதேதான் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்புறம் இதில் உங்களைப் பிடிப்பதும் பிடிக்காததும் எங்கே வந்தது? ஒரு வருஷமாக அந்த ஜீவனுக்கு எங்கே வலிக்கிறது என்று ஒரு நாளாவது பார்த்தீர்களா?

குதிரையின் இரைப்பையில், தின்றாலும் தின்னாவிட்டாலும், அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். மென்றால்தான் எச்சில் ஊறும், எச்சில்தான் அதைத் தணிக்கும். விட்டால் நாளில் பாதிக்கு மேல் மேய்ந்துகொண்டே இருக்கும் பிராணி அது. இரண்டு வேளை கொள்ளும் தவிடும் வைத்துவிட்டு மீதி நேரம் முளையில் வெறுமனே கட்டிப்போட்டால் வயிறு புண்ணாகும். வாரை இறுக்கும்போது கடிக்க வருவது அதன் அடையாளமாக இருக்கலாம். சேணம் முதுகில் சரியாக உட்காராததாகவும் இருக்கலாம்.

இன்னொன்று மணல். நம் பக்கம் தரையில் தீனி போட்டால் மணலும் சேர்ந்துதான் உள்ளே போகும். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. மணல் குடலில் படிந்து கனத்துக் கிடக்கும்போது ஓடு என்றால் எப்படி ஓடும்? தரையில் ஒட்டாத புது லத்தி நாலைந்து உருண்டை எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து அடியைத் தடவிப் பாருங்கள். மணல் நறநறத்தால் தெரிந்துவிடும். தட்டுப்படாவிட்டாலும் மருத்துவர் பார்க்கத்தான் வேண்டும். இனிமேல் தீனி தொட்டியில்தான்.

இந்தக் கரையில் குதிரையைக் கவனிக்காமல் விட்டது இன்று நேற்றல்ல. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வந்த மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டு அரசர்கள் ஆளுக்கு 2,000 குதிரைக்கு மேல் வருஷா வருஷம் வாங்கினார்கள், வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சாது என்று எழுதினார். லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர்களை இங்கே வரவிடாமல் வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்களாம். செத்தால்தானே அடுத்த வருஷமும் விற்கலாம். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியது இதைவிடக் கொடுமை. ஒரு குதிரைக்கு 220 பொன் தினார் விலை. கடலில் வரும் வழியிலேயே செத்தாலும் அந்த விலையை அரசு கொடுத்துவிட வேண்டும் என்று ஒப்பந்தம்.

பராமரிக்கத் தெரியாததால் செத்தன என்று எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. இத்தனை பொன் கொடுத்து வாங்குகிறவர்கள் கற்றுக்கொண்டிருக்க முடியாதா? குதிரை செத்தால் அதன் பக்கத்தில் நின்ற எவனுக்கும் நஷ்டமில்லை. விற்றவனுக்கு லாபம், பணம் போனது கஜானாவுக்கு. அதனால்தான் செத்தன. பெரியபட்டினத்தில் தோண்டி எடுத்த சீனப் பீங்கான் ஓடுகளைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோம். பேசலாம்தான், தப்பில்லை. இந்தக் கரைகளில் இறங்கி வருஷம் திரும்புமுன் செத்த ஆயிரக்கணக்கான குதிரைகளைப் பற்றியும் யாராவது பேச வேண்டாமா? அய்யனாருக்குப் புரவி எடுக்கும்போது மண்குதிரைக்குக் கண் திறக்கிறோம். உயிருள்ள குதிரையின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்க ஊரில் ஆளில்லை.

என் சின்னத் தாத்தா ராமநாதபுரம் ஸ்டேஷனுக்குக் குதிரை வண்டி ஓட்டியவர். வண்டியில் பூட்டுமுன் நாலு காலையும் மேலிருந்து கீழே கையால் தடவுவார். எங்காவது சூடு தெரிந்தால் அன்றைக்கு வண்டி கிடையாது. வீட்டில் உலை வைக்க அரிசி இல்லாத நாளிலும் அப்படித்தான். பாட்டி திட்டுவாள், அவர் காதில் வாங்க மாட்டார். அவருடைய குதிரை, அவர் கை. நடுவில் வேறு யாரும் இல்லை.

உங்கள் பங்குக்கு வருகிறேன். குளம்பை 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு தடவை சீவ வேண்டும். அது யார் பொறுப்பு? பல்லில் கூர் ஏறியிருந்தால் அராவ வேண்டும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். அது யார் பொறுப்பு? கடிதத்தில் தீனிச் செலவு மட்டும்தான் இருக்கிறது. காக்கா பார்த்துக்கொள்வார் என்று நீங்கள் இருந்திருக்கிறீர்கள். நீங்கள் பார்ப்பீர்கள் என்று அவர் இருந்திருப்பார். பாதிப் பணம் கொடுத்தவருக்கு அக்கறையும் பாதி போதும் என்று யார் சொன்னது?

விற்றுவிடுவாரோ என்று தவிக்கிற மனசு நல்ல மனசு தம்பி. அது இருப்பதால்தான் இவ்வளவு கோபமாக எழுதுகிறேன். அந்த மனசோடு சவுக்கையும் எடுத்தீர்களானால் எனக்கு மறுபடி எழுத வேண்டாம்.

காக்காவையும் கூட்டிக்கொண்டு ஒரு கால்நடை மருத்துவரைப் பாருங்கள். வயிறு, பல், முதுகு, குளம்பு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை ஏறாதீர்கள், தீனிப் பணத்தையும் நிறுத்தாதீர்கள். மருத்துவர் சொன்னதை எழுதுங்கள். பங்கை விடுவதா வேண்டாமா என்று அப்புறம் பேசலாம்.